சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

குற்றம் செய்தவரைத் தண்டிப்பது அரசின் கடமை. தண்டிக்கப்பட்டவர் எத்தகைய இடத்தில், எவ்வாறு வைக்கப்பட்டிருக்கிறார் என்று கேட்பது குடிமக்களின் கடமை. அக்கேள்விக்கு முறையாக விடை தேடும் வழியே பொது விசாரணை. சிறைகளை ஆராய்ந்த குழுக்களுக்கும் ஆணையங்களுக்கும் இந்தியாவில் குறைவில்லை. அவை கண்டறிந்த உண்மைகள் என்னவாயின என்பதை ஆராய்கிறது இக்கட்டுரை.

பெட்ஃபோர்டில் எழுந்த கேள்வி

1773ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுசயர் வட்டாரத்தில் ஜான் ஹோவார்டு என்பவர் ஷெரீஃப் பதவியை ஏற்றார். சிறையை மேற்பார்வையிடுவது அப்பதவிக்குரிய பணிகளுள் ஒன்று. அதைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுவதே அக்காலப் பெரியமனிதர்களின் வழக்கமாக இருந்தது. ஹோவார்டு நேரில் சென்று பார்த்தார்.

அங்கே கண்ட காட்சி அவரைத் திகைக்க வைத்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்களும், வழக்குத் தொடுக்க எவரும் முன்வராததால் விடுவிக்கப்பட வேண்டியவர்களும் மீண்டும் சிறைக்குள் இழுத்துச் செல்லப்பட்டனர். சிறைக் காப்பாளருக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் அவர்களிடம் இல்லை என்பதே காரணம். காப்பாளருக்கு அரசு ஊதியம் கிடையாது. கைதிகளிடம் பெறும் கட்டணமே அவருடைய வருவாய். ஆகவே விடுதலைக்கும் ஒரு விலை இருந்தது.

கட்டணத்தை ஒழித்துவிட்டுக் காப்பாளருக்கு ஊதியம் வழங்குமாறு ஹோவார்டு வட்டார நீதிபதிகளை வேண்டினார். வேறு எங்கேனும் இவ்வாறு செய்த முன்மாதிரி உண்டா என்று அவர்கள் கேட்டனர். முன்மாதிரியைத் தேடி அவர் அண்டை வட்டாரங்களுக்குக் குதிரையில் புறப்பட்டார். சென்ற இடமெல்லாம் அதே அநீதியைக் கண்டார். அத்தோடு காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளையும், அவற்றில் பரவிய சிறைக் காய்ச்சலையும் கண்டார். கண்டவற்றை 1774இல் நாடாளுமன்றத்தில் சாட்சியமாக எடுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, விடுவிக்கப்பட்டவர்களிடம் கட்டணம் பெறுவதை நிறுத்தியது. மற்றொன்று, சிறைகளுக்குச் சுண்ணாம்பு பூசவும் காற்றோட்டம் அமைக்கவும் நோயுற்றோரைத் தனியே வைக்கவும் ஆணையிட்டது.

சட்டம் இயற்றப்பட்டதோடு தம் பணி முடிந்ததாக ஹோவார்டு கருதவில்லை. அச்சட்டங்களைத் தம் செலவில் அச்சிட்டுச் சிறைக் காப்பாளர்களுக்கு அனுப்பினார். அவை பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க மறுபடியும் பயணம் செய்தார். தம் ஆய்வு முழுவதையும் 1777இல் நூலாக வெளியிட்டார். காணுதல், கூறுதல், கூறியது நடந்ததா என்று மீண்டும் சென்று காணுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே விசாரணை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. பின்வந்த விசாரணைகள் பலவும் முதல் இரண்டோடு நின்றுவிட்டன.

குடியேற்ற ஆட்சிக் காலக் குழுக்கள்

இந்தியாவில் சிறைகளைப் பற்றிய முதல் பெரும் விசாரணை, மெக்காலேயின் முயற்சியால் 1836இல் தொடங்கியது. அக்குழு 1838இல் அறிக்கை அளித்தது. கைதிகளைச் சாலைப் பணிக்கு அனுப்பும் முறையின் கேடுகளை அது எடுத்துக்காட்டியது. ஆனால் கைதிகளைக் கல்வியாலும் நன்னெறியாலும் திருத்தலாம் என்னும் கருத்தை அது ஏற்கவில்லை. கடுமையும் சலிப்பும் நிறைந்த உழைப்பையே தீர்வாகப் பரிந்துரைத்தது. எந்த நோக்கத்தோடு தேடத் தொடங்குகிறதோ, அந்நோக்கத்தின் எல்லைக்குள்தான் ஒரு குழு உண்மையைக் காணும் என்பதற்கு இது சான்று.

1864, 1877, 1889 ஆகிய ஆண்டுகளில் வந்த குழுக்களும் பெரும்பாலும் ஒழுங்கையும் நிருவாகத்தையுமே கருதின. அவற்றின் தொடர்ச்சியாக 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் இயற்றப்பட்டது. சிறைக் குற்றங்களுக்குச் சவுக்கடியும் விலங்கும் அச்சட்டத்தில் தண்டனைகளாக வகுக்கப்பட்டன. வ.உ.சிதம்பரனார் கோவைச் சிறையில் செக்கிழுத்தது இத்தகைய சட்டம் ஆண்ட காலத்தில்தான்.

போக்கு மாறியது 1919இல். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் இந்தியச் சிறைக் குழு அமைக்கப்பட்டது. அச்சுறுத்துவது மட்டும் சிறையின் நோக்கமாகாது. உள்ளே வருபவரைத் திருத்தி வெளியே அனுப்புவதும் அதன் நோக்கம் என்று அக்குழு தெளிவாகக் கூறியது. அந்தமான் தீவுகளுக்குக் கைதிகளை நாடு கடத்துவதை நிறுத்தவும் பரிந்துரைத்தது. அரசும் அதை ஏற்றது. ஆயினும் 1932இல் விடுதலைப் போராட்ட வீரர்கள் மீண்டும் அந்தமான் சிற்றறைச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1937ஆம் ஆண்டின் உண்ணாநிலைப் போராட்டத்திற்குப் பின்னரே அவர்கள் தாயகம் திரும்பத் தொடங்கினர். ஏற்கப்பட்ட பரிந்துரையையும் காப்பதற்கு ஆள் இல்லையெனில், பத்தாண்டுகளில் அது மறக்கப்படும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

இலக்கியம் அறிந்த இரு நீதிபதிகள்

விடுதலைக்குப் பிந்தைய விசாரணைகளுள் இரண்டு சிறப்பாக நினைக்கத்தக்கவை. இரண்டையும் நடத்தியவர்கள் நீதியோடு இலக்கியத்தையும் கற்றவர்கள்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்தோர் தாக்கப்பட்டனர். நெருக்கடி நிலை நீங்கியபின் இதனை விசாரிக்க நீதிபதி மு.மு.இஸ்மாயீல் ஆணையம் அமைக்கப்பட்டது. கம்பராமாயணத்தில் தோய்ந்த அறிஞராகத் தமிழுலகம் அறிந்தவர் அவர். மதிலுக்குள், இரவில், வெளியுலகச் சாட்சி எவரும் இல்லாத இடத்தில் நடந்தவற்றை அவ்வாணையம் சாட்சியங்களின் வழியே வெளிக்கொணர்ந்தது. தாக்குதல் நடந்தது உண்மை எனப் பதிவு செய்தது. சிறைக்குள் நிகழும் கொடுமைக்கு இயல்பாகவே சாட்சி குறைவு. கைதியின் சொல்லை ஊர் நம்பாது. காவலரின் சொல்லைக் கைதி மறுக்க முடியாது. இத்தகைய இடத்தில் அதிகாரம் பெற்ற ஓர் ஆணையம் கேட்கும்போதுதான் உண்மை வாய் திறக்கிறது.

இரண்டாவது, 1980இல் நடுவண் அரசு அமைத்த குழு. அதன் தலைவர் நீதிபதி ஆனந்த் நாராயண் முல்லா, சாகித்திய அகாதெமி விருது பெற்ற உருதுக் கவிஞர். 1983இல் அவர் அளித்த அறிக்கை, இந்தியச் சிறைகளைப் பற்றிய விரிவான ஆவணங்களுள் ஒன்று. விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளோடு சேர்த்து வைக்கக்கூடாது. சிறைப் பணியாளர்களுக்கு உரிய பயிற்சியும் பணிநிலையும் வேண்டும். செய்தியாளர்களும் பொதுமக்களும் அவ்வப்போது சிறைகளைக் காண வாய்ப்பளிக்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில.

முல்லா குழுவுக்குப்பின் பெண் சிறைவாசிகளின் நிலையை ஆராய நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சிறைகளின் ஒன்பது குறைகளை வரிசைப்படுத்தியது. இட நெருக்கடி, வழக்குத் தாமதம், துன்புறுத்தல், நலக்குறைவு, போதாத உணவு முதலியன அதில் இடம்பெற்றன. 2018இல் நீதிபதி அமிதவ ராய் தலைமையில் உச்ச நீதிமன்றமே மற்றொரு குழுவை அமைத்தது. அதற்கும் முதன்மையான சிக்கலாக முன்நின்றது இட நெருக்கடிதான். தலைமுறைகள் மாறின, நோயின் பெயர் மாறவில்லை.

> தெரிந்து தெளிவோம்
>
> விசாரணை ஆணையங்கள் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. இச்சட்டத்தின்படி அமைக்கப்படும் ஆணையம் சாட்சிகளை அழைக்கலாம், ஆவணங்களைக் கோரலாம். ஒருவரின் நற்பெயர் பாதிக்கப்படக்கூடும் எனில் அவருக்குத் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும். அறிக்கையையும் அதன்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய குறிப்பையும் ஆறு மாதங்களுக்குள் நாடாளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ வைக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஒரு கடிதமும் ஒரு செய்தியும்

குழுக்கள் அசைக்க முடியாததைச் சில வேளைகளில் ஒரு துண்டுத்தாள் அசைத்திருக்கிறது. தில்லி திகார் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்னும் கைதி, சக கைதி ஒருவர் சிறைக் காவலரால் கொடுமையாகத் துன்புறுத்தப்பட்டதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அக்கடிதத்தையே மனுவாக ஏற்றார். சிறைவாயிலைக் கடந்ததும் ஒருவர் தம் அடிப்படை உரிமைகளையெல்லாம் இழந்துவிடுவதில்லை என்னும் கொள்கை இவ்வழக்கில் உறுதிபெற்றது. கிருஷ்ணய்யர் 1957இல் கேரள அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவர். அதற்கு முன்னர்த் தாமே சிறையில் இருந்தவர்.

அதே 1979ஆம் ஆண்டில் பீகார்ச் சிறைகளைப் பற்றிய நாளிதழ்ச் செய்தி ஒன்று நாட்டை உலுக்கியது. விசாரணை முடியாமலே பல்லாண்டுகள் அங்கே பலர் அடைபட்டுக் கிடந்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் விதிக்கப்படக்கூடிய உச்ச அளவுத் தண்டனையைக் காட்டிலும் நீண்டகாலம் உள்ளே இருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி இதனை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு எனப்படும் அவ்வழக்கில், விரைவான விசாரணை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறியது. பல்லாயிரம் பேர் விடுதலை பெற்றனர்.

இவ்விரு நிகழ்வுகளும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. அறிக்கை அரசை வேண்டுகிறது. நீதிமன்ற ஆணை அரசைக் கட்டுப்படுத்துகிறது. கட்டுப்படுத்தும் ஆற்றல் இருந்த இடத்தில் கதவு திறந்தது.

அண்மைச் சான்றும் உண்டு. சிறைகளில் சாதியின் அடிப்படையில் சமையல், துப்புரவு முதலிய பணிகளைப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தைப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா ஆராய்ந்து வெளிப்படுத்தி, வழக்கும் தொடர்ந்தார். தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் சிறை விதிகளை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், இத்தகைய விதிகள் அரசமைப்புக்கு முரணானவை என்று 2024 அக்டோபர் 3ஆம் நாள் தீர்ப்பளித்தது. கைதிகளின் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் பகுதியை நீக்கவும் ஆணையிட்டது. நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ குழுக்கள் புரட்டிய விதி நூல்களில் அவ்வரிகள் அதுவரை அழியாமல் இருந்தன.

எண்களுக்குள் இருக்கும் மனிதர்கள்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கே இடம் இருந்தது. அங்கிருந்தவர்களோ 5,73,220 பேர். நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் 131 பேர் படுத்தனர். அவர்களுள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, சிறையில் இருந்த நால்வரில் மூவர் எந்த நீதிமன்றத்தாலும் அந்த வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்படாதவர்கள்.

இவர்களுள் பிணை கிடைத்தும் வெளியே வர இயலாதவர்களும் உண்டு. பிணைத்தொகை கட்டப் பணமில்லை. பொறுப்பேற்கச் சொத்துடைய உறவினர் இல்லை. கூலி வேலைக்குச் செல்பவர் உள்ளே இருந்தால் வீட்டின் வருவாய் அன்றே நின்றுவிடும். அவரைக் காண வருவோர் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் செலவிட்டு, சிறைவாயிலில் காத்திருக்க வேண்டும். பெட்ஃபோர்டில் விடுதலைக்குக் கேட்கப்பட்ட விலை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப்பின் வேறு பெயரில் இங்கே கேட்கப்படுகிறது.

குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, 2022ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்ட நாள் விழாவில் ஏழைக் கைதிகளின் இந்நிலையை நீதிபதிகளின் முன்னிலையில் எடுத்துரைத்தார். அடுத்த சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை எடுத்தது. பிணை ஆணை கிடைத்து ஏழு நாள்களுக்குள் ஒருவர் விடுவிக்கப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 சனவரியில் அது வகுத்த நெறிகளுள் ஒன்று. ஏழைக் கைதிகளின் பிணைத்தொகைக்கு உதவும் திட்டமும் அவ்வாண்டில் வந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அக்குற்றத்துக்குரிய உச்ச அளவுத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையில் கழித்திருந்தால் அவரைப் பிணையில் விடுவிக்க வழிசெய்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இவை வரவேற்கத்தக்கவை. இவை ஒவ்வொரு சிறையிலும் ஒவ்வொருவரையும் சென்று சேர்ந்தனவா என்று மீண்டும் போய்ப் பார்ப்பவர் யார் என்பதே எஞ்சிய கேள்வி.

மறுப்பும் விடையும்

குற்றவாளிக்கு இத்தனை கரிசனம் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் கண்ணீரை எண்ணிக் கேட்கப்படும் அக்கேள்வியை எளிதில் ஒதுக்கலாகாது. ஆனால் சட்டம் விதிக்கும் தண்டனை விடுதலையை இழத்தல். அதற்கு மேல் அடியும் பசியும் நோயும் சேர்ந்தால், அவை எந்த நீதிபதியும் எழுதாத தண்டனைகள். சிறை சென்றவருள் மிகப் பெரும்பாலோர் என்றேனும் ஒருநாள் தம் தெருவுக்குத் திரும்பி வருபவர்கள். அவர் தொழில் கற்றவராக வருவதா, வன்மம் கொண்டவராக வருவதா என்பது ஊரின் பாதுகாப்பைச் சார்ந்தது. தமிழ்நாட்டில் சிறைத்துறையின் மேற்பார்வையில் சிறைவாசிகள் பெட்ரோல் விற்பனை நிலையங்களை நடத்துகின்றனர். பொருள்களைச் செய்து சிறைச் சந்தைகளில் விற்கின்றனர். வண்டிக்கு எரிபொருள் நிரப்ப வரும் மக்கள் அவர்களிடம் அச்சமின்றிப் பணத்தைக் கொடுத்துச் செல்கின்றனர்.

சீர்திருத்தம் கைதிக்கு மட்டும் உரியதும் அன்று. அளவுக்கு மீறிய கூட்டத்தைக் குறைந்த எண்ணிக்கையில் நின்று காக்கும் சிறைக் காவலரும் தம் பணிக்காலத்தை அதே மதிலுக்குள்தான் கழிக்கிறார். இட நெருக்கடி நீங்கினால் அவருடைய சுமையும் குறையும்.

விசாரணைக் குழு என்பதே காலம் கடத்தும் உத்தி என்று கூறுவோரும் உளர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மக்களின் சினம் பொங்கும்போது குழு அமைப்பதும், சினம் தணிந்தபின் அறிக்கையைப் பெட்டியில் வைப்பதும் நடந்திருக்கின்றன. எனினும் குழுவே வேண்டாம் என்பது இதற்குத் தீர்வாகாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 1990 ஏப்ரலில் 25 நாள்கள் நீடித்த கலகம் வெடித்தது. அதனை விசாரித்த நீதிபதி வுல்ஃப், கலகத்தை அடக்கும் வழியை மட்டும் ஆராயவில்லை. கலகம் ஏன் எழுந்தது என்றும் ஆராய்ந்தார். இரவில் கழிப்பறை வசதியின்றி அறைக்குள் வாளியைப் பயன்படுத்தும் இழிவை ஒழிக்கப் பரிந்துரைத்தார். 1996க்குள் அவ்வழக்கம் முடிவுக்கு வந்தது. கைதிகளின் குறைகளைக் கேட்கத் தனி அலுவலரும் நியமிக்கப்பட்டார். ஆனால் தண்டனைக் கொள்கை கடுமையாகியதால், அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே கைதிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கானது. சிறையைத் திருத்திக்கொண்டே அதற்குள் அனுப்பும் கூட்டத்தைப் பெருக்கினால், திருத்தம் தோற்றுவிடும்.

செய்ய வேண்டுவன

எனவே, விசாரணை பயன் தர வேண்டுமெனில் சில ஏற்பாடுகள் இன்றியமையாதவை. விசாரணை ஆணையங்கள் சட்டத்தின்படி அமையாத குழுக்களின் அறிக்கைகளுக்கும் அரசு குறித்த காலத்துக்குள் விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்கிறதா, மறுக்கிறதா, மறுத்தால் ஏன் என்று அவ்விடை எழுத்தில் அமைய வேண்டும். அறிக்கை வெளியான ஓராண்டுக்குப்பின், அரசைச் சாராத ஒருவர் அதே சிறைகளுக்கு மீண்டும் சென்று மாற்றங்களைப் பதிவு செய்ய வேண்டும். சிறைகளைப் பார்வையிட நீதிபதிகளையும் அலுவல்சாராப் பார்வையாளர்களையும் நியமிக்க விதிகளில் இடம் உண்டு. அப்பார்வையாளர்கள் முன்னறிவிப்பின்றிச் செல்வதும், கைதிகளிடம் தனித்துப் பேசுவதும், தம் குறிப்புகளை வெளியிடுவதும் வழக்கமாக வேண்டும். சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆதலால் மாநிலச் சட்டமன்றங்கள் இதில் வழிகாட்ட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறிய குற்றங்களுக்குச் சிறையைத் தவிர்த்து மாற்று வழிகளை நாடுவதும், வழக்குகளை விரைந்து முடிப்பதும் தண்டனைக் கொள்கையின் அடிப்படையாக அமைய வேண்டும்.

காப்பியங்கள் காட்டும் வழி

இரட்டைக் காப்பியங்கள் இவ்விரு நிலைகளையும் தமிழர்க்கு முன்பே காட்டியுள்ளன. சிலப்பதிகாரத்தில் ஆராயாது தண்டித்த பாண்டியன், தன் பிழையை அறிந்த கணத்தில் உயிர் துறந்தான். செங்கோன்மையைப் பேச வந்த வள்ளுவர், அவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே ஆராய்தலை முன்வைத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

மணிமேகலையில் வேறொரு காட்சி. அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்த மணிமேகலை, அங்குள்ளோரின் பசியைப் போக்கினாள். காவலர் அதனைக் கண்டு சோழ மன்னனிடம் தெரிவித்தனர். மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்குமாறு அவள் வேண்டினாள். மன்னன் அவ்வாறே செய்தான். ஒரு காதையின் பெயராகவே அச்செயல் நிலைத்துவிட்டது. சிறையைக் கண்டவர்கள் இருந்தனர்; கண்டதைக் கூறியவர்கள் இருந்தனர்; கேட்டவன் செய்து முடித்தான்.

இந்தியச் சிறைகளைக் கண்டவர்கள் உண்டு. கண்டதைக் கூறியவர்களும் உண்டு. மெக்காலே குழு முதல் அமிதவ ராய் குழு வரை நீளும் அறிக்கைகள் அதற்குச் சான்று. மக்களாட்சியில் கேட்டுச் செய்ய வேண்டிய மன்னர் மக்களே. அடுத்த அறிக்கை வெளிவரும் நாளில், சென்ற அறிக்கைக்கு என்ன விடை என்று அவர்கள் கேட்கத் தொடங்கினால், சிறைக்கோட்டத்தின் கதவு அறத்தை நோக்கிச் சற்றேனும் திறக்கும்.

கற்பவை கற்றபின்…

1. விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி ஆகியோருக்கு இடையே உள்ள வேறுபாட்டை விளக்கி, இருவரையும் ஒரே இடத்தில் வைப்பதால் விளையும் தீமைகளைப் பட்டியலிடுக.
2. 'சிறையின் நோக்கம் தண்டிப்பதா, திருத்துவதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
3. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதையின் நிகழ்வுகளை உரையாடலாக எழுதி நடித்துக் காட்டுக.